ஆயுளைக் கணக்குப் போடும் படிப்பு

சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைத் தன் யுனைடெட் இந்தியா லைஃப் நிறுவனத்துக்காகக் கட்டத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1956-ல் 245 நிறுவனங்களை அரசு ஒன்றாக்கி எல்.ஐ.சி.யை உருவாக்கியபோது அரைகுறைக் கட்டடமும் கைமாறியது. திறப்பு விழா 1959-ல். இந்தக் கைமாற்றம் ஆக்சுவரிகளின் தலையெழுத்தையும் மாற்றியது. ஆயுள் காப்பீட்டுக்குப் பிரீமியம் எவ்வளவு, நாளைய இழப்பீட்டுக்கு இன்று எவ்வளவு ஒதுக்கி வைப்பது என்று கணிக்கும் இவர்களுக்கு, அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய ஒரே முதலாளிதான். இந்தத் தொழில் நம் ஊரில் வளராததற்குக் காரணம் கணக்கின் கடினம் என்பார்கள். எனக்கென்னவோ, வாசல் ஒன்றே ஒன்றாக இருந்ததுதான் காரணம் என்று படுகிறது.

ஆக்சுவரி ஆக எழுத வேண்டிய தேர்வும் அப்போது லண்டனுடையது. இந்திய ஆக்சுவரிகளின் சங்கம் 1944-லேயே தோன்றிவிட்டாலும், சொந்தமாகத் தேர்வு நடத்தத் தொடங்கியது 1989-ல்தான்.

அந்தக் காலத்துக் கணக்குமுறை அழகானது. ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்ற எண்ணை வட்டிக்கேற்பக் குறைத்து ஒரு பத்தி. அதையே கடைசி வயதிலிருந்து மேல்நோக்கிக் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னொரு பத்தி. அறுபது வயதுக்காரருக்கு ஆயுள் முழுக்க ஆண்டுக்கு ஒரு ரூபாய் தர இன்று எவ்வளவு வாங்க வேண்டும்? அறுபதுக்கு நேரே உள்ள இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் போதும். இன்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு பாலிசியையும் மாதம் மாதமாக ஓட்டிப் பார்க்கிறது. தேர்விலேயே ஆர் மொழியில் நிரல் எழுதச் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தப் பத்திகளை ஒருமுறையாவது தானே கட்டிப் பார்க்காதவருக்கு, கம்ப்யூட்டர் தரும் விடை பிசகினால் கண்ணில் படாது என்பது என் கட்சி.

2000-ல் தனியார் நிறுவனங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஆக்சுவரியை நியமித்தே ஆக வேண்டும் என்றது விதி. 2006-ல் தனிச் சட்டம் வந்து, சங்கம் இன்ஸ்டிட்யூட் ஆனது. 2012 முதல் ஏசெட் நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ முடித்தவரே எழுதலாம். கல்லூரிகளும் விழித்துக்கொண்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. ஆக்சுவரியல் சயின்ஸே இருக்கிறது.

பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். பட்டம் வாங்கினால் ஆக்சுவரி ஆகிவிட முடியாது. 2019 பாடத்திட்டப்படி ஃபெல்லோ, அதாவது முழுத் தகுதி பெற்ற ஆக்சுவரி, ஆக இன்ஸ்டிட்யூட்டின் 13 தாள்களைத் தாண்ட வேண்டும். வேலைக்கு எடுப்பவர் கேட்கும் முதல் கேள்வியும் 'எத்தனை பேப்பர் கிளியர்?' என்பதுதான். படிக்கும்போதே மூன்று நான்கு தாள் முடித்தவருக்குத்தான் பட்டத்தால் பயன். கல்லூரி விளம்பரங்களில் இது பொடி எழுத்தில்கூட இருக்காது.

வேலையோ இப்போது பல கிளை விட்டிருக்கிறது. உடல்நலக் காப்பீடு, மறுகாப்பீடு, கம்பெனிகளின் கிராஜுவிட்டி மதிப்பீடு, பெங்களூரிலும் குருகிராமிலும் உட்கார்ந்து பிரிட்டன் நிறுவனங்களுக்குச் செய்யும் கணிப்பு எனப் போகிறது பட்டியல். காரீஃப் நெல்லுக்கு விவசாயி கட்டும் 2 சதவீதப் பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்துக்குப் பின்னால், மீதியை அரசுகள் எவ்வளவு தர வேண்டும் என்று சொல்வதும் ஆக்சுவரியல் விகிதம்தான். இத்தனை பேரிடமும் பேச வேண்டியிருப்பதால், கணக்குத் தெரியாத ஒருவருக்கு விஷயத்தைப் புரியும்படி எழுதிக் காட்டவே தனித் தாள் ஒன்று இருக்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கிப் பழகிய கணக்குப் புலிகளையும் திரும்ப எழுத வைக்கிற தாள் அது.