லஸ் கார்னரிலிருந்து ஏற்றுமதியாகும் சரளி வரிசை

மயிலாப்பூரில் ஆடிட்டராக இருப்பதால் பாட்டு வாத்தியார்களும் வீணை டீச்சர்களும் என்னிடம் வருவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பணத்துக்கான வங்கிச் சீட்டில் பல சமயம் ‘குடும்பப் பராமரிப்பு’ என்று இருக்கும். “நியூஜெர்சிப் பசங்களோட ஃபீஸ் சார். அனுப்பறவா எதையோ டிக் பண்ணிடறா” என்பார் பாட்டுச் சொல்லித்தரும் ஒரு மாமி.

அது குடும்பப் பணம் அல்ல, ஏற்றுமதி வருமானம். ஆம்பூர் செருப்பு கொண்டுவரும் டாலருக்குக் குறைந்ததல்ல, பாட்டின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை கொண்டுவரும் டாலர். 2024-25இல் இந்தியாவின் சரக்கு ஏற்றுமதி சுமார் 43,700 கோடி டாலர். சேவை ஏற்றுமதி 38,000 கோடி டாலருக்கு மேல். இதில் பெரும்பங்கு மென்பொருளும் அலுவலகச் சேவைகளும்தான். ஆனால் விதி மாமிக்கும் அதேதான்.

முடிதிருத்துவதுபோல, செய்பவரும் பெறுபவரும் ஓரிடத்தில் இருந்தால்தான் சேவை நடக்கும் என்று ஒருகாலத்தில் பொருளாதார அறிஞர்கள் நினைத்தார்கள். சேவையை ஆளிடமிருந்து பிரித்து அனுப்ப முடியும் என்று 1984இலேயே ஜகதீஷ் பகவதி எழுதினார். இன்று விடியற்காலை ஐந்தரைக்கு மாமி சுருதிப்பெட்டியைப் போடும்போது நியூஜெர்சியில் இரவு எட்டு மணி. நவம்பரில் அமெரிக்கா கடிகாரத்தைத் திருப்பியதும் வகுப்பு ஆறரைக்கு மாறும். இணையத்தில் ஒலி தாமதமாகப் போய்ச் சேர்வதால் குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாட முடியாது. ஒருவர் பாடி நிறுத்த, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். மிருதங்கத்தோடு பாடிப் பழக நேரில்தான் வர வேண்டும்.

அதற்குத்தான் மார்கழி. 1995இல் அமலுக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் சேவை வணிக ஒப்பந்தம் சொல்லும் நான்கு வழிகளில், இணைய வகுப்புபோலச் சேவை மட்டும் எல்லை தாண்டுவது முதலாவது; வாங்குபவரே தேடி வருவது இரண்டாவது. மார்கழிக்கு வரும் சிஷ்யையின் குடும்பம் இங்கே கொடுக்கும் அறை வாடகை, சபா கேன்டீன் பில், தி.நகர் தையல்கூலி எல்லாமே ஏற்றுமதிதான். வெளிநாட்டில் கிளை திறப்பது மூன்றாவது. எங்கள் பேட்டையில் அது அபூர்வம். நான்காவது, கலைஞரே போவது. 1978 முதல் கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. அங்கே பாட பி-3 போன்ற விசா வேண்டும். குரல் தடையில்லாமல் போகிறது, குரலுக்கு உரியவர் தூதரக வரிசையில் நிற்கிறார். சேவை வணிகத்தில் இன்னும் இறுகிக் கிடக்கும் கதவு இதுதான்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. டாலர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. அதனால் நல்ல வேளைகள் கடலுக்கு அப்பால் போய்விடுகின்றன. மந்தைவெளிக் குழந்தைக்கு மிஞ்சுவது வெயில் நேரம். டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். பல வருஷம் அரைச் சம்பளத்தில் சொல்லிக்கொடுத்தவர் அவர். உள்ளூர் வகுப்புகளுக்குச் சபாக்கள் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

மாமிக்கு நான் சொல்வது இதைத்தான்: அனுப்புகிறவர்களிடம் ‘கல்விக் கட்டணம்’ என்றே குறிக்கச் சொல்லுங்கள். ‘குடும்பம்’ என்று குறித்தால் ரிசர்வ் வங்கிக் கணக்கில் அது ஏற்றுமதியில் சேராது. வருமான வரியும் அதனால் விலகாது. விசா நேர்காணலிலோ வீட்டுக் கடனுக்கோ வருமானம் கேட்கும்போது, அந்தச் சீட்டுதான் உங்கள் பக்கம் பேசும்.