விரைவும் நிறைவும்: ஐரோப்பியச் சலூன் கார்கள் நான்கு பற்றிய ஓர் ஒப்பீடு

தேர்த் திருவிழாவிலே வடம் பிடிப்பார் பலர். முட்டுக்கட்டை இடுவார் சிலர். வடத்தைப் பற்றி நிற்பவருக்குத் தேரை ஓட்டுவதே கருத்து. சில்லின் அருகே கட்டையுடன் நடப்பவருக்கோ, தேரை எவ்விடத்தில் தடுப்பது, எப்பக்கம் திருப்புவது, வீதி மூலையிலே சாயாது எங்ஙனம் கொண்டு செல்வது என்பனவே கருத்து. இவ்விரு திறத்தாரும் ஒத்து இயங்கினாலன்றித் தேர் இருப்பிடம் வந்து சேராது. மோட்டார்க் கார் ஒன்றின் திறனை ஆராயப் புகுவாரும் இவ்வுண்மையை மறத்தலாகாது. எஞ்சின் வடம் பிடிப்பாரைப் போன்றது. பிரேக்கும் வில்லும் உடற்கூடும் கட்டை இடுவாரைப் போன்றன. "மணிக்கு எத்தனை மைல் ஓடும்?" என்னும் ஒரே வினாவினால் ஒரு காரின் தகுதியைத் துணிவது பெரும் பிழையாகும்.

இக்கருத்தை விளக்குதற்குப் பொருத்தமான காலம் ஒன்று உண்டு. 1959ஆம் ஆண்டு தொடக்கம் 1962ஆம் ஆண்டு வரையுள்ள நான்கு ஆண்டுகளில், ஐரோப்பாவின் நான்கு நாடுகள் ஒரே வினாவுக்கு நான்கு வேறு விடைகளை அளித்தன. நால்வரோ ஐவரோ கொண்ட குடும்பத்தைப் பொதிகளுடன் ஏற்றிக்கொண்டு, தொலைதூரத்தை விரைவாகவும் இடரின்றியும் கடப்பது எவ்வாறு என்பதே அவ்வினா. இங்கிலாந்து ஜாகுவார் மார்க் 2 காரையும், ஜேர்மனி மேர்சிடிஸ் பென்ஸ் 220எஸ்இ காரையும் 1959இல் வெளியிட்டன. பிரான்சின் பேஜோ 404 கார் 1960இலும், இத்தாலியின் அல்பா றோமியோ ஜூலியா கார் 1962இலும் தோன்றின.

இந்நான்கும் நம் தெருக்களிலே ஒரே தொகையாய் ஓடியவை அல்ல. 1957ஆம் ஆண்டு வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாய் விளங்கிய திருகோணமலையிலும், இலங்கையின் பிற பாகங்களிலும் மக்கள் மிகுதியாகக் கண்டவை ஒஸ்ரின், மொறிஸ் முதலிய எளிய ஆங்கிலக் கார்களே. பேஜோ காரும் பின்னர் இந்நாட்டவர்க்கு நன்கு பழக்கமாயிற்று. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி அருகியதனால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதன்பின், இருந்த கார்களைச் செப்பனிட்டுச் செப்பனிட்டுப் பல்லாண்டு ஓட்டவேண்டிய நிலை ஏற்பட்டது. ஆகலின், ஒரு கார் புதிதாய் இருக்கும்போது எவ்வளவு விரைவாய் ஓடிற்று என்பதோடு, பழையதான பின்னும் எவ்வளவு காலம் உழைத்தது என்பதும் நமக்கு முக்கியமான வினாவாயிற்று.

முதற்கண் ஜாகுவார் காரை எடுத்துக்கொள்வோம். இதன் பெருமை இதன் எஞ்சினிலே தங்கியுள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கொவென்றி நகரத் தொழிற்சாலையிலே இரவு நேரங்களில் தீக்காவல் இருந்த பொறியியலாளர், வில்லியம் லயன்ஸ் என்பாரின் தலைமையில் இவ்வெஞ்சினுக்குத் திட்டம் வகுத்தனர். 1948இல் வெளிவந்த அவ்வெஞ்சின் குடும்பமே 1951க்கும் 1957க்கும் இடையில் லீமான் இருபத்து நான்கு மணிநேர ஓட்டப் போட்டியில் ஐந்து முறை வெற்றி ஈட்டியது. மார்க் 2 கார்களுள் மிகு வலியது 3.8 இலீற்றர் எஞ்சின் கொண்டது. அதன் வலு 220 குதிரைவலு எனக் குறிக்கப்பட்டது. உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர்.

எனினும், ஓட்டப் போட்டியிலிருந்து ஜாகுவார் பெற்ற பேறு எஞ்சின் மட்டுமன்று. நான்கு சில்லுகளுக்கும் தட்டுப் பிரேக்குகள் பொருத்தப்பட்டமையே அதனினும் சிறந்த பேறு. கார் ஒன்றின் வேகம் இரட்டித்தால் அதன் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும் என்பது மாணவர் அறிந்த விதி. காரை நிறுத்தும்போது அச்சக்தி முழுவதும் பிரேக்கிலே வெப்பமாக மாறல் வேண்டும். பழைய பறைப் பிரேக்கிலே அவ்வெப்பம் உள்ளேயே அடைபட்டு நிற்கும். பறையும் சூடேறி விரிந்து, உராயும் கட்டைகளை விட்டு விலகும். ஆதலின் மிதிக்க மிதிக்கப் பிடிப்புக் குறையும். தட்டுப் பிரேக்கிலே தட்டு வெளிக்காற்றில் சுழல்வதால் வெப்பம் எளிதில் நீங்குகிறது. சூடேறித் தட்டு தடித்தாலும் பிடிப்புக் குறைவதில்லை. வடத்துக்கு ஏற்ற முட்டுக்கட்டையை ஜாகுவார் கொண்டிருந்தது என்க. ஆயினும் அதன் முன்புறம் பாரமானது. பின்னச்சோ பழைய முறைப்படி அமைந்த திண்ணிய ஒற்றை அச்சு. மேடு பள்ளமான தெருவிலே அது அமைதியிழக்கும்.

மேர்சிடிஸ் பென்ஸ் வேறு வழியிற் சென்றது. அதன் 2.2 இலீற்றர் எஞ்சின் 120 குதிரைவலு உடையது. உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீற்றர். காபிறேற்றருக்குப் பதிலாகப் பொஸ் நிறுவனத்தின் பம்பி ஒன்று பெற்றோலை அளந்து செலுத்தியது. நான்கு சில்லுகளும் தனித்தனியே மேலும் கீழும் அசையத்தக்கனவாய் இருந்தமையால் கரடான தெருவிலும் இக்கார் நிலைகுலையாது ஓடும். 1960இல் மொன்ரே காளோ நெடுந்தூரப் போட்டியில் 220எஸ்இ வெற்றிபெற்றது. 1962இல் ஆர்ஜென்ரீனாவில் நடந்த பெருந்தூரப் போட்டியில் ஏவி றொஸ்க்விஸ்ற், ஊர்சுலா விர்த் என்னும் இரு பெண்கள் இவ்வகைக் காரையே ஓட்டி, எல்லாக் கட்டங்களிலும் முதலிடம் பெற்றனர்.

இக்காரின் அருமை இவற்றோடு அமையவில்லை. பேலா பாரெனி என்னும் பொறியியலாளரின் கருத்துப்படி இதன் உடற்கூடு மூன்று பகுதிகளாய் வகுக்கப்பட்டது. நடுவே ஆட்கள் இருக்கும் அறை உறுதியானது. முன்புறமும் பின்புறமும் மோதலின்போது நசுங்குமாறு வேண்டுமென்றே அமைக்கப்பட்டவை. தகரம் நசுங்குவதிலே மோதலின் சக்தி செலவாகிவிடுவதால் உள்ளிருப்போருக்கு நேரும் தாக்கம் தணிகிறது. நசுங்காத காரே பாதுகாப்பான கார் என்று எண்ணியிருந்தவர்க்கு இது வியப்பளித்தது. இன்று உலகில் ஓடும் கார்கள் யாவும் இக்கருத்தைத் தழுவியனவே.

இத்தாலியரின் ஜூலியா சிக்கனத்தினால் விரைவை எய்தியது. 1.6 இலீற்றருக்குச் சற்றுக் குறைந்த அதன் சிறிய எஞ்சின் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது; வால்வுகளை இயக்குவதற்கு உருளைகளின் தலைமேலே இரு தண்டுகளைக் கொண்டது. ரீஐ என்னும் வகையின் வலு 92 குதிரைவலு. காரின் நிறை ஏறத்தாழ 1,000 கிலோகிராம். உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 165 கிலோமீற்றர். பிறர் நான்கு கியர்களோடு அமைந்த காலத்தில் இது ஐந்து கியர்களைக் கொண்டிருந்தது. பெட்டி போன்று தோன்றினும், காற்றுக் குகையிலே சோதித்து உருவாக்கப்பட்டமையால் காற்றின் தடையை எளிதில் வென்றது. எஞ்சினைப் பெருப்பிப்பது ஒரு வழி. பாரத்தையும் தடையையும் சிறுப்பிப்பது மற்றொரு வழி. பின்னதே அறிவுடையோர் வழி என்பதற்கு ஜூலியா சான்றாகும்.

பேஜோ 404 இம்மூன்றின் அருகே நிற்கத் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். அதன் 1.6 இலீற்றர் எஞ்சின் தொடக்கத்தில் 72 குதிரைவலுவே தந்தது. உச்ச வேகம் மணிக்கு 140 கிலோமீற்றரை ஒட்டியது. ஆயினும் கிழக்காபிரிக்க சபாரிப் போட்டியில் 1963, 1966, 1967, 1968 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் வென்றது இக்காரே. சேறும் புழுதியும் கல்லும் நிறைந்த அப்பாதையிலே, 1963இலும் 1968இலும் போட்டியை முடித்தவை ஏழு கார்கள் மாத்திரமே. நீண்டு அசையும் மெல்லிய வில்கள், கழற்றி மாற்றத்தக்க உருளை உறைகள், எளிய கட்டமைப்பு என்பனவே அதன் வலிமை. 28 இலட்சத்துக்கு மேற்பட்ட 404 வண்டிகள் உற்பத்தியாயின.

குதிரைவலு எண்களை ஒப்பிடுவோர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். அக்காலத்தில் அளவு முறை நாட்டுக்கு நாடு வேறுபட்டது. சிலர் விசிறி, புகைக்குழாய் முதலியவற்றை நீக்கி எஞ்சினைத் தனியே அளந்தனர். ஜேர்மானியர் அவற்றோடு சேர்த்தே அளந்தனர். ஆகவே ஜாகுவாரின் 220ஐ மேர்சிடிசின் 120உடன் நேரே வைத்து நோக்குதல் பொருந்தாது. ஒரே படியால் அளவாத நெல்லை ஒப்பிடுவது எங்ஙனம்?

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். ஹபரணையிலிருந்து காட்டினூடாகக் கந்தளாய் நோக்கி வரும் தெருவிலே ஜாகுவாரின் வலுவுக்குச் சிறிது வேலை உண்டு. ஆயின் யானையும் மாடும் குறுக்கிடும் அத்தெருவிலே, அதன் எஞ்சினைக் காட்டிலும் பிரேக்கே பெரிதும் பயன்படும். தெற்கே மட்டக்களப்பு நோக்கிச் செல்வார்க்கு, 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரையில் பாதையிலே ஏறிக் கடலேரியைக் கடப்பதன்றி அவ்விடத்தில் வேறு வழியில்லை. மணிக்கு 200 கிலோமீற்றர் ஓடவல்ல காரும் மாட்டுவண்டியும் அத்துறையிலே ஒரே வரிசையில் காத்திருந்தன.

வேகத்தினும் கொடிய பகை கடற்காற்று. நாம் எடுத்துக்கொண்ட நான்கு கார்களிலும் தனிச் சட்டகம் இல்லை. உடற்கூடே பாரத்தைத் தாங்குவது. இவ்வமைப்பினால் கார் இலேசாகவும் உறுதியாகவும் அமைகிறது. விரைவும் அதனால் வருகிறது. ஆனால் துறைமுகக் காற்றிலுள்ள உப்பு, கதவின் கீழேயுள்ள வெற்றறைகளிற் படிந்து ஈரத்தை ஈர்த்து வைத்திருக்கும். அவ்வீரத்திலே இரும்பு உள்ளிருந்தே துருவாகும். மேற்பூச்சு மின்னிக்கொண்டிருக்க, தாங்கும் வலிமை போய்விடும். தனிச் சட்டகம் கொண்ட பழைய ஒஸ்ரின் ஏ40 காரிலோ, தகரம் இற்றாலும் சட்டகம் நிற்கும்; ஒட்டுப்போட்டு ஓட்டலாம்.

1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் வடக்கிலே பெற்றோல் தடைசெய்யப்பட்ட காலம் மற்றொரு சோதனையாய் அமைந்தது. ஏ40, மொறிஸ் மைனர் முதலிய கார்களைச் சில துளி பெற்றோலால் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயால் ஓட்டினர். இஃது இயன்றதற்குக் காரணம் நெருக்கல் விகிதமே. ஏ40 எஞ்சின் வாயுக் கலவையை ஏறத்தாழ ஏழு மடங்கே நெருக்குவது. 404இன் தொடக்க எஞ்சினும் அத்தகையதே. மேர்சிடிசும் ஜூலியாவும் ஏறத்தாழ ஒன்பது மடங்கு நெருக்குவன. அத்தகைய எஞ்சினில் மண்ணெண்ணெய் உரிய வேளைக்கு முன்னரே வெடித்து முசலத்தைச் சிதைக்கும். எந்த நுட்பம் வளமான நாட்டிலே திறன் எனப் பாராட்டப்பட்டதோ, அதுவே வறுமை வந்த இடத்தில் குறையாயிற்று. நோயாளரையும் பிரயாணிகளையும் அன்று ஏற்றிச் சென்றவை மெதுவான பழைய கார்களே.

இவற்றைத் தொகுத்து நோக்கின், வலுவில் ஜாகுவாரும், உயிர்க் காப்பில் மேர்சிடிசும், சிக்கனத்தில் ஜூலியாவும், தாங்குதிறனில் பேஜோவும் முதன்மை பெறும். நம் தெருவுக்கும் நம் கைப்பொருளுக்கும் ஏற்றது எது என வினவின், பேஜோ என்றே கூறுவேன். திறன் என்பது பொருளிலே தனித்து நிற்கும் பண்பன்று. பொருளுக்கும் இடத்துக்கும் உள்ள பொருத்தமே திறன்.

மற்றை மூன்றும் வீணாய்ப் போகவில்லை. தட்டுப் பிரேக்கு, நசுங்கும் முகப்பு, எரிபொருளை அளந்து செலுத்தும் முறை, ஐந்தாம் கியர் ஆகியன இன்று நாம் ஏறிச் செல்லும் சிறிய காரிலும் உள்ளன. அன்று செல்வர்க்கே உரியவாயிருந்த வேகம் இன்று யாவர் கைக்கும் எட்டியுள்ளது. ஆயின் தெரு அகன்ற அளவுக்கு நம் பொறுமை அகலவில்லை. எஞ்சின் பயிலும் மாணவன் முதலிற் பிரேக்கைப் பயில்வானாக. வடம் பிடிக்க ஆயிரம் பேர் உளர். முட்டுக்கட்டை இட அறிந்தவனே தேரை இருப்பிடம் சேர்ப்பான்.