சிசுவின் குருதியிற் சோடியத் தாழ்வு: ஒரு சொல்லாட்சி பற்றிய விளக்கம்

பிறக்கும்போது ஒட்சிசன் போதாது தவித்த சிசுவின் குருதியில், அடுத்த ஓரிரு நாட்களுக்குள் சோடியத்தின் செறிவு தாழ்ந்துவிடுவது உண்டு. இயல்பான செறிவு இலீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமூல் வரையாகும். அது 120க்குக் கீழிறங்கின் மூளைக் கலங்கள் நீரேறி வீங்க, வலிப்புத் தோன்றலாம். இந்நிலையை 'உப்புக் குறைவு' என்றே நாம் தமிழிற் கூறிவிடுகின்றோம். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் தாயொருத்தி இதனைக் கேட்பின், பிள்ளைக்கு உப்பூட்ட வேண்டும் என்றே எண்ணுவாள். ஆனாற் பெரும்பாலும் அங்கு நிகழ்வது உப்பின் குறைவன்று, நீரின் மிகுதியே.

பரிவகக்கீழில் உருவாகிக் கபச்சுரப்பியின் பிற்பகுதியிலிருந்து வெளிப்படும் வாசோபிரசின் என்னும் ஓமோன், சிறுநீராக வெளியேறவேண்டிய நீரை மீண்டும் குருதிக்குத் திருப்புவது. குருதி செறிவுறும்போது சுரந்து, நீர்த்தவுடன் அடங்குவதே அதன் இயல்பு. மூச்சுத்தடையும் குருதியமுக்க வீழ்ச்சியும் மூளைத் தாக்கமும் இவ்வொழுங்கைக் குலைக்கின்றன. குருதி நீர்த்த பின்னரும் ஓமோன் ஓய்வதில்லை. இத்தகைய பொருந்தாச் சுரப்பினை சுவாட்சு, பாற்றர் முதலியோர் 1957இல் நுரையீரற் புற்றுநோயாளர் இருவரிடம் கண்டு விவரித்தனர்.

மெய்யான உப்பிழப்பும் இல்லாமலில்லை. ஒட்சிசன் இன்மையாற் சிறுநீரக நுண்குழாய்கள் பழுதுறின், சோடியத்தைக் காக்குமாறு அல்டொஸ்டெரோன் விடுக்கும் ஏவலை அவை ஏற்பதில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவனவற்றுள் எளியது நிறுவைத் தராசு. முதல் நாட்களிற் சிசுவின் நிறை சற்றுக் குறைதல் இயல்பு. சோடியம் தாழ்ந்திருக்க நிறை குறையாதிருப்பின், அல்லது கூடின், நீர் தேங்கியுள்ளது எனலாம். நிறையும் அளவுமீறிக் குறையின் உப்பிழப்பை ஐயுறவேண்டும்.

தாயையும் நோக்குதல் வேண்டும். பிரசவ வலியைத் தூண்ட ஏற்றப்படும் ஒட்சிற்றோசின் வாசோபிரசினின் உடன்பிறப்புப் போன்றது. ஒன்பது அமினோவமிலங்களுள் இரண்டே வேறுபடும். உப்பற்ற குளுக்கோசு நீருடன் அது மிகுதியாக ஏறின் தாயின் சோடியம் தாழும். சிசுவும் அத்தாழ்வுடனேயே பிறக்கும்.

நீர் தேங்கிய சிசுவுக்கு முதன்மையான மருத்துவம் நீரைக் கட்டுப்படுத்தலே. வலிப்பு ஏற்படின் செறிந்த உப்புக்கரைசலை அளவறிந்து சிறிது கொடுப்பர். அவசரத் திருத்தம் மூளைக்குத் தீங்காகலாம். சேலைன் குறைக்கப்படுவதைக் காணும் தாய், பிள்ளையைப் பட்டினி போடுகின்றனர் எனக் கலங்குவது இயற்கை. 'உப்புக் குறைவு' என்ற சொல் அக்கலக்கத்தை மிகுவிக்கும். 'நீர்மிகைச் சோடியத் தாழ்வு', 'உப்பிழப்புச் சோடியத் தாழ்வு' என இரண்டாகப் பிரித்து வழங்குவதையே நாம் விரும்புகின்றோம். தாயிடம் பேசும்போது, "பிள்ளையின் உடலில் தண்ணீர் கூடிவிட்டது" என்றாற் போதும்.