நான் எழுதின கட்டுரையை நான்தான் எழுதினேன்னு எப்படி நிரூபிக்கிறது?

மாஸ்டர்ஸ் படிக்க இங்கிலாந்து வந்த தம்பி தங்கைகள்கிட்ட இருந்து நமக்கு அடிக்கடி வர்ற மெயில் இது: "அண்ணா, எஸ்ஸே நானே எழுதினது. ஆனா ஏஐ எழுதினதுன்னு சாஃப்ட்வேர் சொல்லுது. டிபார்ட்மென்ட்ல மீட்டிங் வச்சிருக்காங்க. என்ன பண்றது?"

முதல்ல, அந்த சாஃப்ட்வேர் எதை அளக்குதுன்னு பார்ப்போம். இது பழைய காப்பி பிடிக்கிற வேலை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க மூலம் எதுவும் கிடையாது. இந்தக் கருவிகள் பலவும் பார்ப்பது, ஒரு சொல்லுக்கு அடுத்து என்ன சொல் வரும்னு எவ்வளவு சுலபமா ஊகிக்க முடியுது என்பதைத்தான். ஊகிக்க முடிஞ்சா மெஷின், முடியலைன்னா மனுஷன். நாம படிச்ச இங்கிலீஷ் எப்படிப்பட்டது? 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'இன் கன்க்ளூஷன்'. பத்தாம் வகுப்பு நோட்ஸ்ல இருந்தே ஒரே தடம். மாட்டாம என்ன செய்யும்?

2023-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், டோஃபல் தேர்வுக்கு மனுஷங்க எழுதின 91 கட்டுரைகளை 7 கருவிகள்ல போட்டுப் பார்த்தாங்க. சராசரியா 61 சதவீதத்தை ஏஐ எழுதினதுன்னு தப்பா சொல்லிச்சு. அதே வருஷம் ஜூலையில, துல்லியம் போதலைன்னு ஓப்பன்ஏஐ தன்னோட சொந்தக் கருவியையே எடுத்துடுச்சு. ஆகஸ்ட்ல அமெரிக்காவோட வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிட்டின் ஏஐ சோதனையை நிறுத்திடுச்சு. மீட்டிங்ல இதையெல்லாம் தாராளமா எடுத்துச் சொல்லலாம்.

ஆனா இது மட்டும் உங்களைக் காப்பாத்தாது. முதல் வரியில இருந்தே கூகுள் டாக்ஸ்ல எழுதுங்க. வேற எங்கயோ எழுதி மொத்தமா பேஸ்ட் பண்ணாதீங்க. ஃபைல் மெனுவுல வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கு. மூணு வாரமா அடிச்சுத் திருத்தின தடம் அதுல அப்படியே நிக்கும். எழுத்தை 'மனுஷத்தனமா' மாத்தித் தர்றோம்னு விளம்பரம் பண்ற ஆப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. உங்க சொந்த எழுத்தை நீங்களே இன்னொருத்தர் எழுத்தா ஆக்கிக்கிற வேலை அது.

இன்னொன்னு, எழுதறதுக்கு முன்னாடி பேசுங்க. ஜிசிஎஸ்இ படிக்கிற பிள்ளைங்க வீட்டுல இருந்தாலும் இதே வழிதான். மேக்பெத்தையே எடுத்துக்கங்க. தொடக்கத்துல லேடி மேக்பெத் இருட்டைக் கூப்பிடறா. கடைசியில தூக்கத்துல நடக்கும்போது பக்கத்துல எப்பவும் விளக்கு வேணும்னு சொல்லி வச்சிருக்கா. ஏன்? இதைத் தமிழ்லயே அஞ்சு நிமிஷம் பேசி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு, அப்புறம் இங்கிலீஷ்ல எழுதட்டும். பரீட்சை ஹாலுக்குப் புத்தகம் கொண்டுபோக முடியாது. இப்படிப் பேசின விஷயம் மறக்காது. மாஸ்டர்ஸ் மீட்டிங்லயும் கேட்கக்கூடியது கிட்டத்தட்ட இதுதான்: "இந்த வாதத்தை ஏன் எடுத்தீங்க?"

மீட்டிங் லெட்டர் வந்துட்டா, அன்னைக்கே ஸ்டூடன்ட்ஸ் யூனியன் அட்வைஸ் டீமுக்கு மெயில் போடுங்க. பெரும்பாலான இடங்கள்ல இது இலவசம், டிபார்ட்மென்ட்டோட சம்பந்தப்படாதவங்க. துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகலாமான்னும் அவங்ககிட்டயே கேட்டுடுங்க.