அப்பா "வேண்டாம்" என்கிறார். பிள்ளை "அக்ரி" என்கிறது! வாலாஜா மாணவர்களை இழுப்பது எது?

வாலாஜாபேட்டை,-

"சேத்துல காலை வைக்கவா உன்னைப் பிளஸ்-2 வரைக்கும் படிக்க வச்சேன்?"

பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் கேட்கிற சத்தம் இது. மகனோ மகளோ "பி.எஸ்சி. அக்ரி" என்று வாயைத் திறந்தால் போதும், வீடு ரெண்டாகிவிடும்.

அந்தச் சத்தத்திலும் நியாயம் உண்டு. வாலாஜா, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் பாலாற்றை ஒட்டிய ஊர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் இறங்கிய இடங்களில் கிணத்துத் தண்ணி உப்பாச்சு. நெல் விளைந்த நிலம் தரிசாச்சு.

நிலத்தை நம்பி நொந்தவர்கள், பிள்ளையாவது ஷூ கம்பெனிக்குப் போகட்டும் என்று நினைப்பதில் அதிசயம் இல்லை. அப்படியும் சிலர் "அக்ரி" என்கிறார்களே, ஏன்?

"நீட்" இல்லை!

முதல் காரணம் மார்க்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் மாநில ஒதுக்கீட்டு அட்மிஷனுக்கு "நீட்" கிடையாது. பிளஸ்-2 மார்க்குதான் கணக்கு. டாக்டர் கனவு கலைந்தவர்களுக்கு இது அடுத்த கதவு.

அடுத்தது பணம். 6-ம் வகுப்பிலிருந்து பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. 2021-ல் வந்த சட்டம் இது. இதில் சேருகிறவர்களின் படிப்புச் செலவு, ஆஸ்டல் செலவு எல்லாம் சர்க்கார் பொறுப்பு.

மூன்றாவது வேலை. டி.என்.பி.எஸ்.சி. எழுதினால் வேளாண்மை அலுவலர் ஆகலாம். பாங்கி பரீட்சை எழுதினால் விவசாயக் கடன் பார்க்கும் அதிகாரி ஆகலாம். ஆக, பலர் சேருவது வயலில் இறங்க அல்ல, நாற்காலியில் உட்காரத்தான்!

டாக்டர் மகன்

இதை எல்லாம் தாண்டிய காரணமும் ஒன்று உண்டு. கும்பகோணத்து டாக்டர் மகன் எம்.எஸ்.சுவாமிநாதன். அவரும் டாக்டர் ஆவார் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். அந்தச் சேதி அவரைக் கோவை விவசாயக் கல்லூரிக்குத் திருப்பியது. பிறகு ஐ.பி.எஸ். வேலை கிடைத்தும் போகவில்லை!

அவரை இழுத்தது பஞ்சம். வாலாஜா பிள்ளைகளை இழுக்க இங்கே என்ன இருக்கிறது? கெட்டுப்போன மண் இருக்கிறது!

மண்ணுக்குப் "போஸ்ட்மார்ட்டம்"

1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தோல் கழிவு வழக்கில் பரபரப்பான தீர்ப்புச் சொன்னது. "கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும்" என்பது அதன் சாரம். தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35 ஆயிரம் எக்டேர் விளைநிலம், அதாவது ஏறத்தாழ 86 ஆயிரம் ஏக்கர், பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்ற கணக்கும் அதில் இடம்பெற்றது.

அந்தக் கணக்கை எடுத்தது யார்? போலீசும் அல்ல, வக்கீலும் அல்ல. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம்! செத்த மண்ணுக்குப் "போஸ்ட்மார்ட்டம்" செய்தவர்கள் "அக்ரி" படித்தவர்கள்தான்.

28 வருஷம் ஓடிப்போச்சு. 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் உத்தரவு போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடு, பாலாற்றைச் சரி செய் என்றது.

கோர்ட்டு உத்தரவு போடலாம். எந்த வயலில் எவ்வளவு உப்பு, எந்தப் பயிர் தாங்கும், எப்போது மறுபடி நெல் விளையும் என்று சொல்ல மண் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் வெளியூரிலிருந்துதான் வர வேண்டுமா?

"அக்ரி" என்றதும் சத்தம் போடும் அப்பாக்கள், வாயில் வைக்க முடியாத அந்தக் கிணத்துத் தண்ணியை ஒரு தரம் நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும்!