கஸ்தூரி எலுமிச்சையில் மார்மலேட்

நம் தோட்டத்து வீடுகளின் பின்புறத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கஸ்தூரி எலுமிச்சைச் செடி நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர் இதனை லிமாவ் கஸ்தூரி என்பர். சம்பாலுக்கும், ஊறுகாய்க்கும், வெயில் நேரத்துச் சர்பத்துக்கும் போக மிஞ்சும் பழம் செடியின் அடியிலேயே விழுந்து அழுகிப் போகிறது. அந்தப் பழத்தைக் கொண்டு, ரொட்டிக்குத் தடவும் மார்மலேட்டை வீட்டிலேயே செய்யும் முறையை இன்று சொல்ல விரும்புகிறேன். ஜாம் என்பது பழச்சதையைக் காய்ச்சுவது. மார்மலேட்டிலோ எலுமிச்சை, ஆரஞ்சு இனப் பழத்தின் தோலும் கூடவே இருக்கும். சிறு கசப்பும் இருக்கும். அந்தக் கசப்புதான் அதன் சுவை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1511ஆம் ஆண்டில் நம் மலாக்காவைப் பிடித்தார்களே போர்த்துகீசியர், அவர்கள் மொழியில் 'மார்மெலோ' என்றால் சீமைமாதுளை. அதைச் சீனியோடு காய்ச்சி இறுகச் செய்த பண்டம் 'மார்மெலாடா'. ஆங்கிலேயர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, பிற்காலத்தில் கசப்பு ஆரஞ்சுத் தோலில் செய்ததற்குச் சூட்டிவிட்டனர். 'ஆரஞ்சு' என்ற சொல்லின் மூலமான 'நாரங்கம்' நம்முடைய நாரத்தையோடு உறவுடையது என்பது மொழிநூலார் பலரின் கருத்து. ஆகவே துரை வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பண்டம் என்று இதை நாம் ஒதுக்கவேண்டியதில்லை.

முதன்முதலில் நான் இதைச் செய்தது பள்ளிக்கூட விற்பனை நாளுக்காக. பழத்தை நறுக்கினேன், விதையை எடுத்து எறிந்தேன், தோலையும் சாற்றையும் சீனியையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி அடுப்பில் ஏற்றினேன். பன்னிரண்டு போத்தல் வந்தது. பாகு தண்ணீராக ஓடியது, தோலோ செருப்பு வார் போல இருந்தது. பால் மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியம்மா ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வாத்தியாரே, பருப்பு வேகுமுன்னே புளியைக் கரைச்சு ஊத்தின மாதிரி பண்ணிட்டீங்களே!" என்றார். ஒரு போத்தல்கூட விற்கவில்லை. ஆனால் பெரியம்மா சொன்னது முழுக்க முழுக்கச் சரி. சீனி சேர்ந்தபின் தோல் மென்மையாகாது. முதலில் தோல் வேகவேண்டும், பிறகுதான் சீனி.

பாகு ஏன் உறையவில்லை? அதற்கு விடை நான் தூக்கி எறிந்த விதையில் இருந்தது. விதையைச் சுற்றியுள்ள வழவழப்பிலும், தோலின் உட்புறத்து வெள்ளைப் பகுதியிலும் பெக்டின் என்னும் பொருள் நிறைந்திருக்கிறது. இது நூல்போன்ற நீண்ட இழைகளாக நீரில் கரைந்து நிற்கும். ரப்பர்ப் பாலுக்கு ஆசிட் ஊற்றி உறையவைப்பதை நம் பெரியவர்கள் நன்கு அறிவர். பாலிலுள்ள ரப்பர்த் துகள்கள் ஒருவகை மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. ஆசிட் அந்த ஏற்றத்தைத் தணித்ததும் அவை ஒட்டிக் கட்டியாகின்றன. பெக்டின் இழைகளும் அப்படித்தான் விலகி நிற்கின்றன. அவற்றைத் தணிக்கும் ஆசிட் எலுமிச்சைச் சாற்றிலேயே உண்டு. இங்கே கூடுதலாகச் சீனியும் வேண்டும். சீனி நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் இழைகள் நெருங்கிப் பின்னி வலையாகின்றன. அந்த வலையில் பாகு சிக்கி நிற்பதையே நாம் 'உறைந்துவிட்டது' என்கிறோம்.

இனிச் செய்முறை. அரை கிலோ பழத்தைக் கழுவி, குறுக்கே வெட்டி, சாறு பிழிந்து வடிகட்டுங்கள். விதையையும் உள்சவ்வையும் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியில் முடிச்சாகக் கட்டுங்கள். தோலை மெல்லிய கீற்றாக நறுக்குங்கள். சாறு, தோல், முடிச்சு மூன்றையும் முக்கால் லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். அலுமினியப் பாத்திரமும் இரும்புச் சட்டியும் புளிப்புக்கு ஆகா. எவர்சில்வர் அல்லது உடையாத எனாமல் பாத்திரம் நல்லது.

மறுநாள் சிறு தீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். ஒரு கீற்றை எடுத்து இரு விரலால் நசுக்கினால் மசியவேண்டும். மசியாவிட்டால் அவசரப்படாதீர்கள், இன்னும் கொஞ்சம் நீர் விட்டு வேகவையுங்கள். முடிச்சு ஆறியதும் நன்றாகப் பிழியுங்கள். கஞ்சிபோல் வழியும் அந்த நீர்தான் நமக்கு வேண்டிய பெக்டின். இப்போது கலவையை அளந்து, ஒரு குவளைக்கு ஒரு குவளை சீனி சேர்த்து, சிறு தீயில் முழுதும் கரைத்துவிட்டுப் பின்னர் தீயை ஏற்றுங்கள். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, பொங்கும். பதினைந்து நிமிடம் கழித்து, குளிர்பெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம் வந்துவிட்டது. சமையல் வெப்பமானி உள்ளவர்களுக்கு 105 பாகை அடையாளம்.

கொதிநீரைவிடச் சூடான பாகு இது. மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். ஆகவே சின்னப் பிள்ளைகளை அடுப்பங்கரையில் விடாதீர்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் பற்பசையோ கிச்சாப்போ பூசாமல், ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் பொறுத்துக் கிளறினால் தோல் மேலே மிதக்காமல் பரவி நிற்கும். பத்து நிமிடம் வெந்நீரில் கொதித்த சூடான கண்ணாடிப் போத்தலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். இங்கே நான் கண்டிப்பாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. களைக்கொல்லியோ வேறு மருந்தோ இருந்த போத்தலை, எத்தனை முறை கழுவினாலும், இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சீனப் பெருநாளுக்கு அழகுக்காக வைத்து, பிறகு வெளியே போட்ட தொட்டிச் செடியின் பழமும் வேண்டாம். அதற்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. செம்பனை வரிசையோரம் மருந்து தெளிக்கும் இடத்துச் செடியும் அப்படியே. மற்றப் பழத்தில் தோலை உரித்து எறிகிறோம், இதில் தோலையே தின்கிறோம் அல்லவா?

திறந்த போத்தலைக் குளிர்பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். பிடித்தால் மேலே மட்டும் வழித்துவிட்டுத் தின்னாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். இதில் பாதிக்கு மேல் சீனிதான். ஆகவே இனிப்புநீர் உள்ளவர்கள் ஆசைக்குக்கூடத் தொட வேண்டாம். பிள்ளைகளுக்கும் ஒரு ரொட்டிக்கு ஒரு சிறு கரண்டி போதும்.

ஒரு நாள் கழிந்தும் உறையவில்லையென்றால் கவலை வேண்டாம். மறுபடி பாத்திரத்தில் ஊற்றிக் கொஞ்சம் காய்ச்சுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் உறையாவிட்டால் குளிர்ந்த நீரில் இரண்டு கரண்டி கலக்கிக் கொடுங்கள். என் பன்னிரண்டு போத்தலும் கடைசியில் அப்படித்தான், தோலை வடிகட்டியபின், பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியன்று சர்பத்தாகத் தீர்ந்தன.