வெள்ளத்தில் நின்ற காரின் சிலிண்டர் சுவர் பழுதடைந்துள்ளதா? கண்டறிவது எப்படி?

கொல்கத்தா: தெற்கு கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில் 2025 செப்டம்பர் 22ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் கொட்டித் தீர்த்த மழை, 23ஆம் தேதி காலைக்குள் 264 மி.மீ. அளவைத் தொட்டது. அருகிலுள்ள ஜோத்பூர் பார்க்கில் 285 மி.மீ., காளிகாட்டில் 280 மி.மீ. மழை பதிவானது. துர்கா பூஜைக்குச் சில நாள்களே இருந்த நிலையில் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்த அந்த இரவோடு ஒப்பிட்டால், கார்களுக்கு நேர்ந்தது சிறிய இழப்பே. ஆயினும், சாலையோரம் நின்ற வாகனங்களின் உரிமையாளர்கள் மறுநாள் எதிர்கொண்ட கேள்வி, 2015 டிசம்பரிலும் 2023இன் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைவாசிகள் எதிர்கொண்ட அதே கேள்விதான்: தண்ணீர் வடிந்துவிட்டது, இனி சாவியைத் திருப்பலாமா?

திருப்பக் கூடாது என்பதே பதில். வெள்ளத்தில் நின்ற காரின் என்ஜின் பல நேரங்களில் கெட்டுப்போவது வெள்ளத்தினால் அன்று. வெள்ளம் வடிந்தபின் அதை இயக்கிப் பார்ப்பதனால்தான்.

இரண்டு மேசைக்கரண்டி நீர் போதும்

காற்றும் எரிபொருளும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்திச் சுருக்குவதே என்ஜின் இயங்கும் முறை. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. நான்கு சிலிண்டர்கள் கொண்ட 1,200 சி.சி. பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 300 சி.சி. அழுத்த விகிதம் 10-க்கு 1 எனில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேல் எஞ்சும் இடம் ஏறத்தாழ 33 மில்லி லிட்டர் மட்டுமே. அதாவது, இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றே அதிகமான அளவு. அதற்கு மேல் நீர் உள்ளே இருந்தால் பிஸ்டனால் உச்சியை எட்ட முடியாது. டீசல் என்ஜின்களில் அழுத்த விகிதம் இன்னும் அதிகம் என்பதால், எஞ்சும் இடம் மேலும் குறைவு.

இந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழற்றினால், என்ஜின் அசையாமல் இறுகி நிற்கக்கூடும். அது ஒருவகையில் நல்வாய்ப்பு. நீர் நிறைந்த சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று உறிஞ்சும் குழாய் வழியாக நீர் புகுந்தால், சுழலும் வேகமே பகையாகிறது. பிஸ்டனையும் கிராங்க் ஷாப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைகிறது; சில வேளைகளில் உடைந்து என்ஜின் பிளாக்கையே துளைத்துவிடுகிறது.

உடைந்தால் உடனே தெரிந்துவிடும். சிக்கல், சிறிதளவு மட்டும் வளைந்த ராடில்தான் இருக்கிறது. வண்டி ஓடும், உரிமையாளரும் தப்பித்தோம் என நினைப்பார். ஆனால் வளைந்த ராடு பிஸ்டனை நேராகத் தள்ளாமல் ஒருபுறமாகச் சாய்த்துத் தள்ளும். ஒவ்வொரு சுழற்சியிலும் பிஸ்டனின் ஓரம் சிலிண்டர் சுவரை உரசும். கீறல்கள் விழும், எண்ணெய்ப் படலம் கிழியும், சில நூறு அல்லது சில ஆயிரம் கிலோமீட்டர்களுக்குப் பிறகு புகை வரத் தொடங்கும்.

வளைவே இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. நீர் தங்கிய சிலிண்டரின் வார்ப்பிரும்புச் சுவர் சில நாள்களிலேயே துருப்பிடிக்கும். பிஸ்டன் ரிங்குகள் அந்தத் துருவில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் என்ஜினை இயக்கும்போது, துருத்துகள்கள் உப்புத்தாள் போலச் சுவரைத் தேய்க்கும்.

புகையும் ஒலியும் சொல்வது

சிலிண்டர் சுவர் பழுதின் முதன்மையான அறிகுறி, சைலன்சரில் வரும் நீல நிறப் புகை. சுவருக்கும் ரிங்குகளுக்கும் இடையே புகும் என்ஜின் ஆயில் எரிவதால் இந்த நிறம் உண்டாகிறது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் இயக்கும்போது மட்டும் சிறிது நீலப்புகை வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. அதன் செலவு ஒப்பீட்டளவில் குறைவு. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலப்புகை தொடர்ந்தால் ரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் சந்தேகிக்க வேண்டும். அடர்ந்த வெண்புகை நீடித்தால் கூலன்ட் எரிகிறது எனலாம். கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும்.

அடுத்தது ஆயில் குறைவு. டிப் ஸ்டிக்கை வாரம் ஒருமுறை துடைத்துப் பார்த்து, ஓடிய கிலோமீட்டருடன் குறித்துவைத்தால் போதும். முன்பு சர்வீஸ் இடைவெளி முழுவதும் தாக்குப்பிடித்த ஆயில் இப்போது இடையில் ஊற்றும்படி குறைந்தால், வெளியே கசிவும் இல்லையென்றால், அது எரிந்துகொண்டிருக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஒட்டிய ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. அத்தகைய நிலையில் என்ஜினை இயக்கவே கூடாது.

என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். சிறிதளவு காற்று வருவது இயல்பு. புகையோடு விட்டுவிட்டுக் குப்குப்பென வீசினால், எரியும் வாயு பிஸ்டனைக் கடந்து கீழே இறங்குகிறது எனக் கருதலாம். குளிர்ந்த என்ஜினில் கேட்டு, சூடானதும் குறையும் 'டக் டக்' ஒலி, தேய்ந்த சுவரில் பிஸ்டன் அலைவதால் வருவது. சூடான பிறகும் குறையாமல், மேட்டில் ஏறும்போது வலுக்கும் தட்டல் ஒலி அதைவிடக் கவலைக்குரியது.

உறுதிப்படுத்தும் சோதனைகள்

அறிகுறிகளை மட்டும் நம்பி என்ஜினைப் பிரிப்பது சரியன்று. முதலில் செய்ய வேண்டியது கம்ப்ரஷன் சோதனை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பார்கள். பெட்ரோல் என்ஜின்களில் இது பொதுவாக 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். தனித்த எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். 15 சதவீதத்துக்கு மேல் ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதை ஆராய வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளந்தால் அழுத்தம் உயர்கிறதா எனப் பார்ப்பார்கள். உயர்ந்தால் பழுது ரிங்கிலோ சுவரிலோ உள்ளது. உயராவிட்டால் வால்வு, ஹெட் கேஸ்கெட் அல்லது வளைந்த ராடு காரணமாக இருக்கலாம்.

மிகத் தெளிவான சான்று கேமராவில் கிடைக்கிறது. ஸ்பார்க் பிளக் துளை வழியே மெல்லிய கேமராவை இறக்கினால் சுவரின் நிலை நேரில் தெரியும். நலமான சுவரில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் நுண்கோடுகள் காணப்படும். தொழிற்சாலையில் வேண்டுமென்றே உருவாக்கப்படும் அவை ஆயிலைப் பிடித்துவைப்பதற்கானவை. மேலிருந்து கீழாக நேர்க்கோட்டுக் கீறல்கள், கண்ணாடிபோல் மழுங்கிய இடங்கள், பழுப்பு நிறத் துருத்திட்டுகள் ஆகியவை பழுதின் அடையாளங்கள். சுவரின் உச்சியில் படியும் கரிவளையம் ஒரு சிலிண்டரில் மட்டும் அகலமாக இருந்தால், அங்கே பிஸ்டன் முழு உயரத்தை எட்டவில்லை, ராடு வளைந்துள்ளது என்று பொருள். பயன்படுத்திய கார் வாங்குவோர் இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது. வெள்ளத்தில் நின்ற வண்டியின் இருக்கைகளை மாற்றலாம், கரிவளையத்தை யாரும் மாற்றுவதில்லை.

பழைய முறையும் புதிய செலவும்

கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் 2014 மே வரை தயாரான அம்பாசிடர் காருக்கு இத்தகைய பழுது பெரிய துயரமாக இருந்ததில்லை. அதன் தடித்த வார்ப்பிரும்பு பிளாக்கை லேத் பட்டறையில் ரீபோர் செய்து, சற்றே பெரிய பிஸ்டனைப் போட்டு மீண்டும் ஓட்டினார்கள். இன்றைய அலுமினிய பிளாக்குகளில் மெல்லிய இரும்பு லைனர்கள் உள்ளன. சிலவற்றில் லைனருக்குப் பதில் நுண்பூச்சு மட்டுமே இருக்கிறது. அவற்றில் ரீபோருக்கு இடம் குறைவு. ஆழமான கீறல் விழுந்தால் பிளாக் முழுவதையும் மாற்றும்படி சர்வீஸ் மையங்கள் கூறுவதற்குக் காரணம் இதுவே. லேசான கீறல், துரு ஆகியவற்றை ஹோனிங் முறையில் சீராக்க வாய்ப்புண்டு.

எனவே, நீரில் நின்ற காரை இழுவை வாகனத்தில் ஏற்றியே கொண்டுசெல்ல வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டித்து, ஏர் ஃபில்டர் நனைந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளை அகற்றி, என்ஜினைக் கையால் மெதுவாகச் சுழற்றி நீரை வெளியேற்றச் சொல்ல வேண்டும். நீர் தேங்கிய சாலையில் செல்லும்போது, சிக்னலில் என்ஜினைத் தானாக நிறுத்தி இயக்கும் வசதியை அணைத்துவைப்பதும் அவசியம்.

காப்பீட்டிலும் இதுவே திருப்புமுனை. விரிவான மோட்டார் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்றாலும், நீர் புகுந்த என்ஜினை இயக்கியதால் நேர்ந்த உட்சேதத்தைப் பின்விளைவுச் சேதம் எனக் கூறி நிறுவனங்கள் பொதுவாக மறுக்கின்றன. அதற்கு என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியே எடுத்திருக்க வேண்டும். அதிலும் நீரில் நிற்கும்போது இயக்க முயன்றால் என்ன நிலை என்பதைப் பாலிசியின் நிபந்தனைகளில் படித்துக்கொள்வது நல்லது. வண்டியை நகர்த்தும் முன்பே நீர்மட்டம் தெரியும்படி புகைப்படம் எடுத்து, தேதி, நேரத்துடன் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிடலாம்.